ஒரு ரூபாய் சலுகையும் மாதாந்திரப் பிடித்தமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

'7 நாள் இலவசம், 1 ரூபாய் மட்டும்' என்று செயலிகள் தரும் சலுகையை நம்பி யுபிஐ பின் போடுகிறவர்கள், அதே திரையில் சிறிய எழுத்தில் இருக்கும் அதிகபட்சத் தொகையையும் 'மாதந்தோறும்' என்ற சொல்லையும் படிப்பதில்லை. அந்தப் பின்தான் ஆட்டோபேவுக்கு, அதாவது கணக்கிலிருந்து தானாகவே பணம் பிடிக்கும் வசதிக்கு, நாம் தரும் ஒப்புதல். சலுகை தந்த செயலியை போனிலிருந்து நீக்கினாலும் அது ரத்தாகாது. யுபிஐ செயலியின் ஆட்டோபே பகுதிக்குள் போய் ரத்து செய்ய வேண்டும். பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பு வரும் அறிவிப்பை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள்.

வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி இல்லாமலே கார்டில் பணம் எடுக்கக்கூடும். வங்கிச் செயலியில் சர்வதேசப் பரிவர்த்தனையை அணைத்தே வையுங்கள். மோசடி என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். வங்கியிலும் புகார் செய்து புகார் எண் வாங்குங்கள். வங்கியில் புகார் செய்ய 3 வேலை நாள் தாண்டினால் இழப்பில் ஒரு பங்கு நம் தலையில் விழலாம்.

வாசகர், திருச்சி