24ஆம் தேதி ராத்திரி கடைக்கு வர்றவங்களுக்காக ஒரு திறந்த மடல்

தர்மபுரி மறைமாவட்டத்துல இருக்கற கோயில் காரியம் பாக்கற பங்குப் பேரவைங்களுக்கும், தெருவுக்குத் தெரு இருக்கற அன்பியக் குழுக்களோட பொறுப்பாளருங்களுக்கும், எங்க பங்கு சாமியாருக்கும்,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

நான் கிருஷ்ணகிரிக்கும் பர்கூருக்கும் நடுவுல ஒரு ஊர்ல, கோயில்லேர்ந்து கூப்புடு தூரத்துல சின்னதா மளிகைக்கடை வச்சிருக்கேன், நானும் எங்க வீட்டுக்காரரும் சேந்து, 17 வருஷம் ஆவுது. இந்த 17 வருஷத்துல ஒரு கிறிஸ்துமஸுக்கு கூட 24ஆம் தேதி ராத்திரி 11 மணிக்கு முன்னாடி ஷட்டர் இறக்குனது இல்ல, பூசைக்கு மணி அடிக்கறப்ப தான் கைய கழுவிட்டு புடவை மாத்திட்டு ஓடுவேன். அந்த ராத்திரி கடைல நின்னு நான் பாத்தத உங்க கிட்ட சொல்லணும்னு தான் இத எழுதறேன்.

போன வருஷம் திருவருகைக் காலத்துல, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரத்துல, ஒரு பிரசங்கத்துல, கடைசி நேரத்துல கடை கடையா ஓடாதீங்க, முன்னாடியே திட்டம் போட்டு வாங்கி வச்சிட்டு பூசைக்கு நிம்மதியா வாங்கன்னு சொன்னாங்க. நல்ல மனசுல சொன்னது தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அன்னிக்கி என் பக்கத்துல உக்காந்திருந்த ஒரு தங்கச்சி அத கேட்டதும் தலைய குனிஞ்சிகிட்டா, அது எனக்கு இன்னும் கண்ணுலயே இருக்கு. ஏன்னா அவ வருஷா வருஷம் 24ஆம் தேதி ராத்திரி 9 மணிக்கு மேல தான் என் கடைக்கு வருவா. அவ வீட்டுக்காரரு பெங்களூர்ல கட்டட வேலை, மேஸ்திரி பண்டிகை கணக்க 24ஆம் தேதி மத்தியானம் தான் பைசல் பண்ணுவாரு, அதுக்கப்புறம் பஸ்ஸு, கூட்டம், ஓசூர்ல டிராபிக்கு, கிருஷ்ணகிரில எறங்கி அங்கேர்ந்து இன்னொரு பஸ்ஸு, அவரு வீட்டுக்குள்ள கால் வச்சி சட்டைப் பைலேர்ந்து பணத்த எடுத்து குடுத்தா தான் அவளுக்கு கிறிஸ்துமஸ் ஆரம்பிக்கும்.

போன 24ஆம் தேதி அவ வந்தப்ப கைல ஒரு லிஸ்ட்டு. பையனோட கணக்கு நோட்டுல பின்பக்கம் கிழிச்சி எழுதுனது. அத எழுதி ரெண்டு வாரத்துக்கு மேல இருக்கும், ஏன்னா மடிச்ச எடத்துல பேப்பரு பஞ்சு மாதிரி ஆயி எழுத்தே அழிஞ்சி போயிருந்தது. சீரக சம்பா 2 கிலோன்னு இருக்கு, சீரக சம்பா தீந்து போச்சி. முந்திரி 100ன்னு எழுதி அத அடிச்சி 50 போட்டு, என் முன்னாடியே அதையும் அடிச்சா. ஏலக்கா, பட்டை, வனஸ்பதி, மைதா, முட்டை 12. முட்டை என் கிட்ட 5 தான் இருந்துது. அவ பொண்ணு மேல தொங்குன அச்சு முறுக்கு அச்சையே பாத்துகிட்டு நின்னுச்சி, அம்மா இது வாங்கலாமான்னு கேட்டுச்சி, அதுக்கு அவ இனிமே எப்ப மாவு கரைக்கறது எப்ப சுடறதுன்னு சொல்லி பொண்ணு கைய புடிச்சி இழுத்துகிட்டு போனா.

இப்ப சொல்லுங்க, அவ திட்டம் போடலயா? ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே லிஸ்ட்டு போட்டு மடியில வச்சிருந்தவ அவ. திட்டம் இருந்துது, பணம் தான் இல்ல. எங்க ஊர்ல கல் குவாரிக்கு போறவங்க, ஓசூர் கம்பெனில காண்ட்ராக்ட்டுல இருக்கறவங்க, பெங்களூருக்கு வாரக்கூலிக்கு போறவங்க, இவங்க வீட்டுல முக்காவாசி பேருக்கு இதே நெலம தான். அதனால பிரசங்கம் மட்டும் போதாது சாமி, பணம் முன்னாடி வர்றதுக்கு நாம எல்லாரும் சேந்து ஒரு வழி பண்ணணும், நான் கேக்கறது அவ்ளோ தான்.

கடைசி நேரத்துல வாங்குனா என்ன ஆவும்ங்கறது எனக்கே பட்டு தெரியும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சீரக சம்பா திடீர்னு தீந்துடுச்சின்னு 23ஆம் தேதி டவுன்ல ஒரு மொத்தக்கடைக்கு ஓடுனேன், அங்க நிக்க எடம் இல்ல, மூட்டைய பிரிச்சி ஒரு பிடி அள்ளி பாக்கக்கூட விடல, பழைய அரிசி தான்க்கா எடுத்துட்டு போங்கன்னு வண்டில ஏத்தி விட்டுட்டாங்க. அது புது அரிசி. புது அரிசில பிரியாணி போட்டா தண்ணிய அளந்து ஊத்துனாலும் குழைஞ்சிடும், சமைக்கறவங்களுக்கு தெரியும். 26ஆம் தேதி காலைல ஒரு பாட்டி வந்து, கோவமா கூட இல்ல, ஏம்மா பிரியாணி பொங்கலாட்டம் ஆயிடுச்சி, பேரப்புள்ளைங்க தொடலன்னு சொல்லிட்டு போனாங்க. வருஷத்துக்கு ஒரு தடவ பேரப்புள்ளைங்க வர்ற வீடு அது. ஒரு வாரம் முன்னாடி வாங்கிருந்தா ஒரு ஆழாக்கு வடிச்சி பாத்துட்டு மூட்டைய திருப்பி குடுத்திருப்பேன், 23ஆம் தேதி எங்க போய் திருப்பி குடுக்கறது.

அதுக்காக எல்லாத்தையும் முன்னாடியே வாங்கி குவிச்சிடணும்னு நான் சொல்லல, அதுவும் தப்பு. எத எப்ப வாங்கறதுன்னு ஒரு கணக்கு இருக்கு. அதிரசத்துக்கு பச்சரிசிய ஊற வச்சி நிழல்ல உலத்தி ஈரம் லேசா இருக்கும்போதே இடிச்சி பாகு காச்சி கிளறி வச்சா அந்த மாவு ரெண்டு மூணு நாளு இருந்து பதமாவணும், அப்ப தான் எண்ணெயில போட்டா பிரியாம வரும், 24ஆம் தேதி ராத்திரி வெல்லம் வாங்கிட்டு போறவங்க அதிரசம் சுடவே முடியாது, சுட்டாலும் எண்ணெயில கரைஞ்சி போவும். அச்சு முறுக்கு அச்சு புதுசா வாங்குனா மொத நாளே மாவ விடாது, ரெண்டு மூணு நாளு எண்ணெயில ஊறப்போட்டு பழக்கணும், அதனால அச்ச டிசம்பர் மொத வாரத்துலயே வாங்கிடணும். கேக்குக்கு ஊறப்போடற திராட்சை, டூட்டி ஃபுரூட்டி, முந்திரி எல்லாம் முன்னாடியே. முட்டை வெல நாமக்கல்ல நிர்ணயம் ஆவுது, டிசம்பர்ல குளிருக்கும் கேக்குக்கும் சேத்து மேல தான் போவும், நம்ம ஊரு குளிர்ல வெளில வச்சாலே பத்து நாளு தாங்கும், 15ஆம் தேதி வாக்குல வாங்கி வைக்கறது தான் நல்லது. மைதா, ரவை மட்டும் ரொம்ப முன்னாடி வேணாம், வண்டு வந்துடும். கேஸ் சிலிண்டர சொல்ல மறந்துட்டேன், பலகாரம் சுட்டுகிட்டு இருக்கும்போது தீந்து போறத வருஷத்துக்கு நாலு வீட்லயாவது பாக்கறேன், அத மொத வாரத்துலயே புக் பண்ணிடுங்க.

ரேஷன யாரும் கணக்குல எடுக்கறதில்ல. மாசத்துக்கு கார்டுக்கு 1 லிட்டர் பாமாயில் 25 ரூவா, 1 கிலோ துவரம் பருப்பு 30 ரூவா. நவம்பர் பாமாயில தொடாம எடுத்து வச்சி டிசம்பர் பாமாயிலையும் சேத்தா 2 லிட்டர், அதுவே ஒரு வீட்டு பலகாரத்துக்கு பாதிக்கு மேல வந்துடும். டிசம்பர் ரேஷன 20 தேதிக்கு மேல போய் வாங்கலாம்னு விடாதீங்க, மொத பத்து நாள்லயே போயிடுங்க. பொங்கலுக்கு குடுக்கற பரிசு ஜனவரில தான் வரும், அது நம்ம பண்டிகைக்கு ஒதவாது.

தக்காளி, கொத்தமல்லி, புதினா, பூவு இதெல்லாம் கடைசி நேரத்துல தான் வாங்கணும், ராயக்கோட்டைலயும் பாலக்கோட்டுலயும் தக்காளி வெல ஒரு நாளு இருக்கற மாதிரி மறுநாளு இருக்காது, முன்னாடி வாங்கி அழுக விடறதுல லாபம் இல்ல. மல்லிப்பூ பனில வரத்து கொறைஞ்சி வெல ஏறும், அதுக்கு ஒன்னும் பண்ண முடியாது, சாமந்தி வச்சிக்கலாம்.

கறி விஷயம் தான் பெருசு, அதுலயும் இந்த வருஷம் ஒரு சிக்கல் இருக்கு, யாரும் கவனிச்ச மாதிரி தெரியல. இந்த 2026ல கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை வருது. நம்ம பக்கம் ஆடு வாங்கறது குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமை சந்தைல. பண்டிகை அன்னிக்கே சந்தை வந்தா யாரு போய் ஆடு வாங்கறது? அதனால அதுக்கு முந்தின வெள்ளி, 18ஆம் தேதி தான் நமக்கு கடைசி சந்தை. அன்னிக்கி கூட்டமும் வெலயும் எப்படி இருக்கும்னு நீங்களே நெனச்சி பாருங்க. எங்கப்பா காலத்துல பத்து வீடு சேந்து ஒரு ஆடு ரெண்டு ஆடு வாங்கி வந்து ஒரு வாரம் தழை போட்டு வளத்து பண்டிகை காலைல அறுத்து கூறு போட்டு பிரிச்சிக்குவாங்க, ஈரல்ல ஒரு துண்டு, எலும்புல ரெண்டு, கொழுப்புல கொஞ்சம்னு எல்லா கூறுலயும் எல்லாமும் இருக்கும், முந்தி வந்தவனுக்கு நல்ல கறி பிந்தி வந்தவனுக்கு ஜவ்வுங்கற பேச்சே கெடையாது. உயிர் எடைல பாதி தான் கறியா வரும், அத வச்சி ஒரு வீட்டுக்கு எவ்ளோ வேணும்னு முன்னாடியே கணக்கு போட்டுடலாம். இப்ப ஒவ்வொரு வீடும் தனித்தனியா 25ஆம் தேதி விடியக்காலைல கறிக்கடை முன்னாடி வரிசைல நிக்குது, பூசை முடிஞ்சி தூங்காத கண்ணோட. அன்பியத்துக்கு அன்பியம் கூறு கறி போடுங்க, நான் கெஞ்சி கேட்டுக்கறேன்.

இப்ப பணத்துக்கு வர்றேன். சீட்டு புடிக்கலாம்னு சில பேரு சொல்றாங்க. தனி ஆளு கிட்ட தீபாவளி சீட்டு கட்டி ஏமாந்தவங்க என் கடைக்கு வர்றவங்கள்லயே இருக்காங்க, அதனால சீட்டு வேணாம், பதிவு பண்ணாத சீட்டு 1982 சிட்பண்டு சட்டப்படியும் தப்பு. நமக்கு அத விட நல்ல வழி கையிலயே இருக்கு. மகளிர் சுயஉதவிக்குழுன்னு தமிழ்நாடு அரசாங்கம் மொதமொதல்ல 1989ல ஆரம்பிச்சதே நம்ம தர்மபுரி மாவட்டத்துல தான், அப்ப கிருஷ்ணகிரியும் அதுக்குள்ள தான் இருந்துது, 2004ல தான் தனி மாவட்டமாச்சி. தமிழ்நாட்டுல மத்த மாவட்டத்துக்கெல்லாம் அது அப்புறம் தான் போச்சி. எங்கம்மா அப்படி ஒரு குழுவுல இருந்தவங்க, கையெழுத்து போடவே அங்க தான் கத்துகிட்டாங்க. கூட்டத்துல ஊக்குநர், அதாவது குழுவ நடத்தறவங்க, ஒவ்வொருத்தர் பேரையும் படிச்சி எவ்ளோ சேந்துருக்குன்னு சத்தமா சொல்வாங்க, பாஸ்புக் எல்லார் கையிலயும் ஒரு சுத்து வரும், படிக்கத் தெரியாதவங்க கூட அத வாங்கி ஒரு தடவ தடவி பாத்துட்டு தான் அடுத்தவங்க கிட்ட குடுப்பாங்க. அந்த தாய்மாருங்களோட புள்ளைங்க தான நாம?

அதனால நான் கேக்கறது இது. வர்ற 2027 ஜனவரி 3 ஞாயித்துக்கிழமைலேர்ந்து ஒவ்வொரு அன்பியத்துலயும் வாரம் 50 ரூவா கிறிஸ்துமஸ் சேமிப்பு போடணும், மூணு பேரு கையெழுத்துல பேங்க்குல கணக்கு, மாசா மாசம் கூட்டத்துல பாஸ்புக்க படிக்கணும். 2027 திருவருகைக் கால மொத ஞாயிறு நவம்பர் 28, அது வரைக்கும் 48 வாரம் வருது, ஒரு வீட்டுக்கு 2,400 ரூவா. அரிசி, எண்ணெய், வெல்லம், மைதா, முந்திரி எல்லாத்தையும் மொத்தமா வாங்கி பிரிச்சா அந்த பணம் இன்னும் ரொம்ப தூரம் வரும். வாரம் 50 முடியாத வீடுங்க 20 போடட்டும், கொறைய போடறாங்கன்னு யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது.

இந்த வருஷத்துக்கு அது ஒதவாது, தெரியும். இந்த வருஷத்துக்கு வேற வழி சொல்றேன். வர்ற நவம்பர் 29ஆம் தேதி திருவருகைக் கால மொத ஞாயிறு, பூசை முடிஞ்சதும் ஒவ்வொரு அன்பியமும் வீட்டுக்கு வீடு என்ன வேணும்னு லிஸ்ட்டு எடுங்க. பேரவை நிதிலேர்ந்து மொத்தக்கடைக்கு பாதி பணத்த முன்பணமா குடுங்க, மீதிய நான் போடறேன், சாமான டிசம்பர் 13ஆம் தேதி ஞாயிறு குடுத்துடலாம், பணத்த வீட்டுக்காரரு வந்ததுக்கு அப்புறம் 26ஆம் தேதி குடுக்கட்டும். இதுல எனக்கு ஒரு ரூவா லாபம் வேணாம், வாங்குன வெலைக்கே போட்டு தர்றேன், பில்ல கோயில் நோட்டீஸ் போர்டுல ஒட்டிடுங்க. நம்ம பங்குல மேஸ்திரியா, காண்ட்ராக்டரா இருக்கற அண்ணன்மாருங்களுக்கும் ஒரு வேண்டுகோள், உங்க கிட்ட வேலை செய்யறவங்களுக்கு பண்டிகை கணக்க 19ஆம் தேதி சனிக்கிழமையே முடிச்சி குடுத்துடுங்க அண்ணா, அந்த அஞ்சு நாளு உங்களுக்கு பெருசில்ல, அவங்க வீட்டுக்கு அது தான் பண்டிகை.

பக்கத்து வீட்டு இந்து சனங்களுக்கு தட்டுல பலகாரம் வச்சி குடுக்கறது நம்ம வழக்கம், தீபாவளிக்கு அவங்க குடுத்த தட்டு இன்னும் நம்ம வீட்டுல தான் இருக்கும், அத வெறும் தட்டா திருப்பிக் குடுக்கறது எந்த பொம்பளைக்கும் கஷ்டமா இருக்கும். போன வருஷம் அந்த தங்கச்சி கடைல வாங்குன பிஸ்கட்ட வச்சி குடுத்தான்னு கேள்விப்பட்டேன்.

அச்சு முறுக்கு அச்சு ஒன்ன எண்ணெயில ஊறப்போட்டு பழக்கி எடுத்து வச்சிருக்கேன், அவ பொண்ணுக்கு. 13ஆம் தேதி சாமான் பிரிக்கறப்ப நான் தராச எடுத்துகிட்டு கோயில் மண்டபத்துக்கு வந்துடறேன், எல்லாரும் ஆளுக்கு ரெண்டு பையும் எண்ணெய்க்கு ஒரு தூக்கும் கொண்டு வரச் சொல்லி 6ஆம் தேதி பூசைலயே அறிவிப்பு குடுத்துடுங்க சாமி.

இப்படிக்கு,
கோயிலுக்கு எதிர் தெரு மளிகைக்கடை அக்கா