பழைய கெர்னலை அழித்துவிடாதே

சேலம்,
தை மாதம்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. பெரியவள் பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று எழுதியிருந்தாய். காலம் எங்கே போகிறதென்றே தெரியவில்லை. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு மட்டும் பனியோடு சேர்ந்து முட்டிவலியும் வந்துவிட்டது. தைலம் தேய்த்துக்கொண்டே உன்னைப் பற்றி விசாரித்தாள்.

சரி, லேப்டாப் விஷயத்துக்கு வருகிறேன். லினக்ஸில் மெஷினையே இயக்குகிற மையப் புரோகிராமான கெர்னலுக்கு அப்டேட் போட்டதிலிருந்து டிஸ்க் எரர் வருகிறது, கடைக்காரர் எஸ்.எஸ்.டி., அதாவது டேட்டா இருக்கிற டிஸ்க்கே, போச்சு என்கிறார், மாற்றட்டுமா என்று கேட்டிருக்கிறாய். பொறு. காசை எடுக்காதே, ஃபார்மட்டும் பண்ணாதே. நேற்றுவரை ஒழுங்காக ஓடிய டிஸ்க் கெர்னல் மாறிய சமயத்திலேயே சாகலாம், அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் அதை நம்புவதற்கு முன்னால் ஒரு ரீஸ்டார்ட் போட்டுப் பார்ப்பதில் நமக்கு என்ன நஷ்டம்?

போன மாதம் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். பழம் பறிக்கிற சீசன். பறிப்புக் கூலி, மூட்டைக் கணக்கு எல்லாம் ஒரே ஒரு டெஸ்க்டாப்பில், லினக்ஸ்தான். இருபது கொண்டை ஊசி வளைவையும் பனிமூட்டத்தில் ஊர்ந்து ஏறி நான் போய்ச் சேர்வதற்குள் ஆளுக்கொரு காரணம் தயாராக வைத்திருந்தார்கள். மலை ஈரம் மெஷினுக்குள் போய்விட்டது என்றார் கணக்கெழுதுகிற ரைட்டர். வோல்டேஜ்தான் என்றார் ஜீப் டிரைவர். மேனேஜர் இன்னும் ஒரு படி மேலே போய், புது டிஸ்க்கே வாங்கி மேஜைமேல் வைத்திருந்தார்.

ஆனால் நல்ல சாட்சி சொன்னவர் ரைட்டர்தான். கூலி போடுகிற சனிக்கிழமை முழுக்க இடைவிடாமல் தட்டினால் ஒன்றும் ஆகாதாம். டீ குடித்துவிட்டு வந்து மவுஸைத் தொட்டால்தான் அரை நிமிஷம் திரை அப்படியே உறைந்து நிற்குமாம். அந்த அரை நிமிஷத்துக்கும் காரணம் உண்டு. கெர்னல் டிஸ்க்கிடம் ஒன்றைக் கேட்டால் வழக்கமாக 30 விநாடி பதிலுக்குக் காத்திருக்கும். பதில் வராவிட்டால்தான் இணைப்பை ரீசெட் பண்ணும். சாகப்போகிற டிஸ்க் பெரும்பாலும் வேலை நெருக்கும்போது முனகும். இது ஓய்வெடுத்து எழுந்த பிறகு முனகுகிறது என்றதும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

நடப்பதையெல்லாம் கெர்னல் குறித்துவைக்கிற லாக்கைத் திறந்தால் அதே கதைதான். ‘ஃப்ரோஸன்’ என்று ஒரு வரி, கொஞ்சம் கீழே இணைப்பை ரீசெட் பண்ணுவதாக ‘ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்’, அப்புறம் 6.0 ஜிபிபிஎஸ் வேகத்தில் இணைப்பு திரும்ப வந்துவிட்டதாக ஒரு வரி. படிக்க முடியாத செக்டார் (டிஸ்க்கின் சிறு துண்டு) என்ற பேச்சே இல்லை. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கிற ஸ்மார்ட் விவரத்தில் 5, 197 என்ற எண்ணுள்ள வரிகளைப் பார்த்தேன். மாற்றி ஒதுக்கிய செக்டார்களும், சந்தேகத்தில் நிற்கிற செக்டார்களும் அங்கேதான் தெரியும். இரண்டும் பூஜ்யம். கேபிள் சரியில்லையென்றால் 199-ஆம் வரியின் கணக்கு ஏறிக்கொண்டே போகும், அதுவும் அசையவில்லை.

மெஷினைப் போட்டதும் வருகிற கிரப் மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போனால் பழைய கெர்னல் இருக்கும், உனக்குத் தெரியும். புதிதாக வந்திருந்தது 6.11, அதற்கு முன்னால் ஓடியது 6.8. பழையதில் ஏற்றிவிட்டுச் சாப்பாட்டு நேரம் முழுக்கச் சும்மா விட்டோம். ஒரு எரர் இல்லை. திரும்ப 6.11-இல் ஏற்றினேன். வெளியே களத்தில் காயப்போட்டிருந்த காப்பியை வேடிக்கை பார்த்துவிட்டு வருவதற்குள் உறைந்துவிட்டது. ஈரமும் வோல்டேஜும் கெர்னல் நம்பர் பார்த்தா வரும்?

விஷயம் இதுதான். டிஸ்க்கை மெஷினோடு சேர்க்கிற சாட்டா இணைப்பில் வேலை இல்லாதபோது இணைப்பையே தூங்கவைத்து மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற வசதி லினக்ஸில் பல வருஷமாக உண்டு. அதைத் தானாகப் போடுவது முன்பு பெரும்பாலும் லேப்டாப் வகை சிப்செட்டுகளுக்கு மட்டும்தான். 2024 மே மாதம் வந்த 6.9 கெர்னலிலிருந்து அது டெஸ்க்டாப்புகளுக்கும் பரவியது. நல்ல எண்ணம்தான். ஆனால் சில எஸ்.எஸ்.டி.கள் எனக்கும் தூங்கத் தெரியும் என்று சொல்லிவிட்டு, எழுப்பினால் எழாது. அப்படிப்பட்ட மாடல்களுக்கென்று கெர்னல்காரர்கள் ஒரு விதிவிலக்குப் பட்டியலே வைத்திருக்கிறார்கள். எஸ்டேட் டிஸ்க் அதில் இல்லை. மின்சிக்கனத்தை ‘மேக்ஸ் பெர்ஃபார்மன்ஸ்’ என்று மாற்றினேன், எரர் நின்றது. பிறகு சாட்டாவைக் கவனிக்கிற ஏ.ஹெச்.சி.ஐ. மாட்யூலின் எல்.பி.எம். (இணைப்பின் மின்சிக்கனம்) பாலிசியை 1, அதாவது அதே மேக்ஸ் பெர்ஃபார்மன்ஸ், என்று கெர்னல் ஏறும்போதே படிக்கிற பூட் வரியில் போட்டு நிரந்தரமாக்கினேன். மாடல் பெயரும் லாக்கும் சேர்த்து பக் ரிப்போர்ட்டும் அனுப்பியாயிற்று. மேஜைமேல் இருந்த புது டிஸ்க்கை யூ.எஸ்.பி. உறையில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். மேனேஜர் கூலியோடு ஒரு பை காப்பிக்கொட்டையும் கொடுத்தார். அதில் பாதி உனக்குத்தான். தங்கச்சியிடம் சொல்லிவை, வறுத்து அரைத்து அனுப்புகிறேன்.

உன்னுடையது என்.வி.எம்.இ. என்கிற வேறு வகை இணைப்பு, சாட்டா கிடையாது. அதனால் நான் போட்ட பாலிசி உனக்கு உதவாது. ஆனால் அங்கேயும் இதே தூக்கக் கோளாறு உண்டு. டிஸ்க் தானாகவே ஆழ்ந்த மின்சிக்கனத்துக்குப் போகிற ஏற்பாடு 2017-இல் 4.11 கெர்னலோடு வந்தது. அப்போதிலிருந்தே சில லேப்டாப்புகளில் டிஸ்க்கை உள்ளிருந்து நடத்துகிற கன்ட்ரோலர் சிப் காணாமல் போவதும் கெர்னல் அதை ரீசெட் பண்ணுவதுமாக இருக்கிறது. இப்போதைய கெர்னல்களில் ஒரு வேடிக்கை: கன்ட்ரோலர் விழுந்துவிட்டால், மின்சிக்கனத்தில் கோளாறு இருக்கிறதா என்று லாக்கே உன்னைக் கேட்கும், எந்த ஆப்ஷன்களைப் பூட் வரியில் போட்டுப் பார்க்க வேண்டும் என்றும் சேர்த்தே சொல்லும். கடைக்காரர் அந்த வரிவரை படித்திருக்க மாட்டார். அதைப் போட்டால் பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும். தொலையட்டும்.

ஒன்று முக்கியம். சிஸ்டம் இருக்கிற ரூட் பார்ட்டிஷன் ரீட்-ஒன்லி, அதாவது படிக்க மட்டும் என்று, ஆகிவிட்டால் லாக் எழுதவும் டிஸ்க்கில் வழியில்லை. மறுநாள் தேடினால் துப்பே இருக்காது. எரர் திரையில் நிற்கும்போதே போனில் போட்டோ எடுத்துவிடு.

அப்புறம் பேக்கப். கெர்னலின் கோளாறுதானே, டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிடாதே. 2023 டிசம்பரில் டெபியன் என்கிற லினக்ஸ் வகையின் 12.3-ஐ வெளியிடுகிற நேரத்தில் நிறுத்திவைத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? அதோடு வரவிருந்த 6.1.64 கெர்னலில் இ.எக்ஸ்.டி.4 என்கிற ஃபைல் சிஸ்டத்தில் இருக்கிற ஃபைல்களையே கெடுக்கக்கூடிய பிழை இருந்தது. 6.1.66-இல் சரிசெய்து, மறுநாளே 12.4 என்று விட்டார்கள். அங்கே டிஸ்க் தங்கமாக இருந்தாலும் ஃபைல் கெடும். அதனால் எதையும் நோண்டுவதற்கு முன்னால் பாப்பா போட்டோவும் உன் ஆபீஸ் ஃபைலும் வெளியே ஒரு டிஸ்க்கில் இருக்கட்டும். டேட்டாவைப் பிரதி எடுப்பதையும் பழைய கெர்னலில் ஏற்றியே செய்.

அந்தப் பழைய கெர்னல் உன்னிடம் இன்னும் இருக்க வேண்டும். இடம் போதவில்லை என்று அழித்துவிடாதே. அடுத்தடுத்து அப்டேட் போட்டாலும் அது தானாகக் கழிந்துபோகும். ஆகவே இது தீரும்வரை அப்டேட்டை நிறுத்திவை. பழையதில் ஏற்றி, வழக்கமாக எரர் வருகிற மாதிரியே கொஞ்சநாள் ஓட்டிப் பார். அதிலும் அதே எரர் வந்தால் பெரும்பாலும் கடைக்காரர் சொன்னதுதான் சரி. அப்போது என்னைக்கூடக் கேட்காதே, டேட்டாவை எடுத்துக்கொண்டு டிஸ்க்கை மாற்று. வராவிட்டால் அந்தக் காசில் எனக்குச் செவ்வாய்ப்பேட்டையில் தட்டுவடை செட் வாங்கிக் கொடு, மாசியில் எப்படியும் ஊருக்கு வருகிறாய் அல்லவா.

கமாண்டுகளை இங்கே எழுதினால் ஒரு புள்ளி தவறினாலும் வம்பு. வாட்ஸப்பில் அனுப்புகிறேன், அப்படியே ஒட்டிக்கொள். லாக் போட்டோ அனுப்பும்போது முதன்முதலில் எரர் வந்த இடத்திலிருந்து எடு. கடைசிப் பத்து வரியை மட்டும் அனுப்பினால் அதில் எதுவும் தெரியாது, விளைவுகள்தான் இருக்கும்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்