சனிக்கிழமை லாரி வருகிறது

அன்பு மகன் குமாருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். போன் செய்தால் 'சரிப்பா, சரிப்பா' என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

வரும் சனிக்கிழமை எஸ்டேட் வீட்டைக் காலி செய்கிறோம். பொள்ளாச்சியில் ஒற்றை அறை வீடு ஒன்றை வாடகைக்குப் பேசியாகிவிட்டது. உன் தகரப் பெட்டியை என்ன செய்வது? அம்மா இரண்டு தடவை கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள், இரண்டு தடவையும் திரும்பத் தள்ளிவிட்டாள். நீ வந்து பார்த்து வேண்டியதை எடுத்துக்கொண்டால் நல்லது.

வருவதென்றால் பஸ்ஸில் வா. ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு, இது மார்கழிப் பனி. பைக் வேண்டாம். யானைக் கூட்டம் டீ ஃபேக்டரிக்குக் கீழேதான் நிற்கிறது. நேற்றும் போனில் யானை எச்சரிக்கைக் குறுஞ்செய்தி வந்தது, யானை வந்தால் எரியும் மேட்டுச் சிவப்பு விளக்கும் எரிந்தது. நம் சமையற்கட்டுச் சுவரை இடித்து அரிசி தின்றதே, அதே கூட்டம் என்கிறார்கள். அதற்கு வால்பாறையில் வேறு வீடே தெரியாது போல.

கிராஜுவிட்டி இன்னும் கைக்கு வரவில்லை. வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம், 33 வருடத்துக்கு. 'முதலில் சாவி, பிறகு செக்' என்கிறார்கள் ஆபீஸில். வேலை இருக்கும்வரைதான் வீடு என்பது புதிய செய்தியா என்ன? தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து, ஆள் சேர்க்க வந்த கங்காணியோடு மலையேறியவர். 'இது நம் வீடு இல்லையடா, ஊருக்குப் போய்விடுவோம்' என்று சாகும்வரை இந்தச் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. சாமி படத்தையும் தரையில்தான் சாய்த்து வைத்திருந்தார். ஆணி அடித்தவன் நான். இரண்டு நாளாக அவற்றைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன், பதினேழு இருந்தன.

நீ லேத்தில் மூன்று பையன்களுக்கு வேலை கற்றுத்தருகிறாய் என்று டீக்கடையில் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. தீபாவளிக்கு ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கு, பட்டறையில் ஆர்டர் அதிகம் என்றேன். அப்படித்தானே? இரண்டு நாளும் அம்மா கடைசி பஸ் போகும்வரை வாசலில் நின்றாள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

குமார், அன்றைக்கு உன் பெயரை எஸ்டேட் ஆள் கணக்கான செக்ரோலில் ஆபீஸ்காரர்கள் தாமாக எழுதவில்லை. நான் போய்த்தான் எழுதச் சொன்னேன். உனக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்த நேரம் அது. அம்மா இடுப்பு வலியால் கொழுந்து பறிப்பதை நிறுத்தியிருந்தாள், எனக்கு முழங்கால் போய்விட்டிருந்தது. நானும் நின்றுவிட்டால் எங்கே போவது என்று பயந்தேன். அந்தப் பயத்தை உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், 'அவர்களாகவே எழுதிவிட்டார்கள்' என்றேன். நீ நம்பவில்லை என்பது உன் முகத்திலேயே தெரிந்தது. ஒரு வார்த்தை கேட்காமல் அடுத்த வாரமே முதல் பஸ் பிடித்துக் கீழே இறங்கிவிட்டாய். படிப்பும் போயிற்று. பிறகு அதே முழங்காலோடு எட்டு வருடம் ஃபேக்டரியில் நின்றேன். இதைச் சொல்லிக்காட்ட எழுதவில்லை. சொல்லிக்காட்டத்தான் எழுதுகிறேனோ என்னவோ, எனக்கே பிடிபடவில்லை.

இவ்வளவு செய்து காப்பாற்றிய வீட்டைத்தான் இப்போது பெருக்கித் துடைத்துக் கொடுக்கப் போகிறேன்.

அம்மா முளைவிட்ட சௌசௌக் காய் நான்கைக் கூடையில் வைத்திருக்கிறாள். பொள்ளாச்சி வெயிலில் அது வராது, நட மண்ணும் இல்லை, வாசல் முழுக்கச் சிமெண்ட் என்று சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை.

பைக் வேண்டாம். லாரி காலை எட்டு மணிக்கு வரும், பனி விலகாவிட்டால் ஒன்பது ஆகும். பெட்டியைக் கடைசியாகத்தான் ஏற்றுவேன்.

அப்பா