காலர் மைக்கை ஒளிப்பதற்கு முன் துணியைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறும்படம் எடுக்கும் இளைஞர்களுக்காகத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சட்டைக்குள் ஒரு வயர்லெஸ் காலர் மைக்கைச் செருகிவிட்டால் டப்பிங் செலவு மிச்சம் என்ற பொருளில் அதில் ஒரு வரி வருகிறது. அதை நம்பி ஷூட்டிங் போகிறவர்கள், எடிட்டிங்கில் உட்காரும்போது வசனத்தைவிட 'சரசர' சத்தத்தைத்தான் அதிகம் கேட்பார்கள். மைக்கை ஒளிப்பது ஐந்து நிமிட வேலை. ஆனால் ஒளித்த மைக் சரியாகக் கேட்குமா என்பது ஒரு வாரம் முன்பு, துணிக்கடையிலேயே முடிவாகிவிடுகிறது.

காரணம் எளிது. காலர் மைக்கின் தலை 3 முதல் 5 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு மிளகு அளவு. பெரும்பாலானவை எல்லாப் பக்கத்து ஒலியையும் ஒரே மாதிரி வாங்குபவை. பேசும் வாய் அதற்கு 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. துணியோ அதன்மேல் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. துணியால் வரும் சத்தம் இரண்டு வகை. துணி மைக்கிலோ அதன் ஒயரிலோ உரசுவது ஒன்று. டேப் ஒட்டி இதை அடக்கலாம். துணி தன்மேல் தானே உரசி எழுப்பும் சத்தம் இன்னொன்று. இதற்கு டேப்பும் உதவாது, பின்னால் போடும் மென்பொருளும் பெரிதாக உதவாது. துணியை மாற்ற வேண்டியதுதான்.

கடையிலேயே சோதித்துவிடலாம். துணியைக் காதருகே பிடித்து இரண்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். உங்கள் காதுக்குக் கேட்டால் மைக்குக்கும் கேட்கும். பிறகு துணியை வாயருகே வைத்து ஊதுங்கள். மூச்சு தடையில்லாமல் மறுபுறம் போனால் குரலும் போகும். பலமுறை துவைத்த பருத்தி, மெல்லிய கதர் இரண்டிலும் தேறிவிடும். பாலியெஸ்டர், நைலான், ரெயின்கோட் துணி முதல் சோதனையிலேயே தோற்கும். நம்மூரில் மோசமான எதிரி கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. ஊர்ப் பெரியவர், அரசியல்வாதி என்றாலே மொடமொடப்பாக ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். அதே சட்டையை ஒருமுறை கஞ்சியில்லாமல் அலசி, நன்றாக இஸ்திரி போட்டுக் கொடுத்தால் கேமராவுக்கு வித்தியாசம் தெரியாது. இதைச் சொல்லத்தான் ஒலிப்பதிவாளரை காஸ்ட்யூம் டிரையலுக்குக் கூப்பிட வேண்டும். எந்த யூனிட்டும் கூப்பிடுவதில்லை.

மைக் ஒட்டும் முறைக்கு வருவோம். கழுத்துக் குழியிலிருந்து நான்கு விரல் கீழே, நடு மார்பு. அதைவிட மேலே, தாடைக்கு நேர்கீழே வைத்தால் தாடையின் மறைவில் குரல் மங்கும். நடிகர் தலையைத் திருப்பும்போதெல்லாம் குரல் ஏறி இறங்கும். மார்பில் வைத்தாலும் 3-4 கிலோஹெர்ட்ஸ் பகுதி கொஞ்சம் குறையும். சொற்களைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுவது அந்தப் பகுதிதான் என்பதால், மிக்ஸிங்கில் அதை இதமாகத் தூக்கிக் கொள்ள வேண்டும்.

ஒரு அங்குல அகல மருத்துவ டேப்பை விரல் நீளத்துக்கு வெட்டி, பசை வெளிப்பக்கம் இருக்கும்படி சமோசா மடிப்பதுபோல் முக்கோணமாக மடியுங்கள். இப்படி இரண்டு. நடுவில் மைக், அதன் துளைப்பகுதி மட்டும் விளிம்பில் எட்டிப் பார்க்க வேண்டும். ஒரு முக்கோணம் தோலிலோ பனியனிலோ ஒட்டும், மற்றது சட்டையின் உட்புறத்தில் ஒட்டும். சட்டையும் மைக்கும் சேர்ந்தே அசைவதால் உரசல் நின்றுவிடும். தோலில் ஒட்டுவதானால் முதலில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து உலரவிடுங்கள். மைக்குக்குக் கீழே ஒயரைக் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சுருள் விட்டு, சுருளின்மேல் தனியாக ஒரு டேப் போடுங்கள். புதியவர்கள் இந்தச் சுருளைத்தான் மறக்கிறார்கள். அது இல்லாவிட்டால் நடிகர் கையைத் தூக்கும்போது ஒயர் இழுபட்டு, அந்த 'டக்' நேராக மைக்குக்கு ஏறும்.

புடவைக்கு இது போதாது. மைக்கை ரவிக்கைக் கழுத்தின் நடு மடிப்பில், உட்புறமாக வைக்கலாம். தொல்லை அதன்மேல் வரும் முந்தானைதான். மைக்கின் இரு பக்கமும் முந்தானையை ரவிக்கையோடு ஊக்குக் குத்திவிட்டால் இரண்டும் ஒன்றாக அசையும். பட்டுப்புடவை, அதிலும் புது ஜரிகை என்றால் உடம்பு அசையும் ஷாட்டில் காலர் மைக்கை நம்பாதீர்கள். தாலிச் சங்கிலி மைக் இருக்கும் இடத்திலேயே வந்து ஆடும். மறையும் பகுதியில் ஒரு துண்டு டேப் போட்டு நிறுத்தலாம். கண்ணாடி வளையல்களை உள்ளங்கைப் பக்கத்தில் ஒளி ஊடுருவும் டேப்பால் சேர்த்து ஒட்டலாம். கால் ஃபிரேமில் இல்லாத ஷாட்டில் கொலுசைக் கழற்றச் சொல்ல யாருக்கும் தோன்றுவதே இல்லை.

சட்டையில்லாத பாத்திரம் என்றால் தோளில் கிடக்கும் துண்டின் உள்மடிப்பு நல்ல இடம். துண்டும் இல்லையென்றால் நாடக மேடைக்காரர்கள் செய்வதுபோல நெற்றிக்கு மேலே, முடி தொடங்கும் இடத்தில் சிறு கிளிப்பால் மைக்கைப் பொருத்தி, ஒயரை முடிக்குள்ளாகவே பிடரிக்குக் கொண்டுபோய் முதுகில் இறக்க வேண்டும். தலை திரும்பினால் மைக்கும் கூடவே திரும்புவதால் குரலின் அளவு மாறாது. கட்டிப்பிடிக்கும் காட்சியில் மார்பு மைக் இரண்டு உடம்புக்கு நடுவே நசுங்கும். அங்கும் இந்த இடமே கைகொடுக்கும்.

சென்னை மே மாதத்தில் வியர்வை தனி வில்லன். ஒயர் வழியாக இறங்கும் துளி மைக்கின் துளையில் தங்கினால், தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் குரல் மந்தமாகிவிடும். மைக்கின் தலையைக் கீழ்நோக்கி வைத்தும் ஒட்டலாம். மூச்சுக் காற்று நேராக மோதாது. ஆனால் ஒயர் மேலிருந்து வருவதால், வழியில் ஒரு சின்ன வளைவு விட்டு, துளி அங்கேயே சொட்டும்படி செய்ய வேண்டும். அடைத்துக்கொண்ட மைக்கை ஊதிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். மாற்று மைக்கைப் போட்டுவிட்டு, நனைந்ததை சிலிகா ஜெல் பொட்டலத்தோடு ஒரு டப்பாவில் மூடி இரவு முழுக்க வையுங்கள். மைக்கின் குரலை அலையாக அனுப்பும், இடுப்பில் கட்டும் டிரான்ஸ்மிட்டரை, வழவழப்பு பூசாத ஆணுறைக்குள் போட்டு வாயை டேப்பால் கட்டுவது ஒலிப்பதிவாளர்களிடையே பழைய வழக்கம். மருந்துக் கடையில் மொத்தமாக வாங்கும்போது அசிஸ்டென்ட் கொஞ்சம் சங்கடப்படுவார், அவ்வளவுதான்.

வயர்லெஸ் பக்கம் வந்தால், இன்று விலை குறைவாகக் கிடைக்கும் சிறிய செட்டுகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குபவை. உரிமம் வேண்டாம் என்பது வசதி. ஆனால் யூனிட்டில் எல்லார் பாக்கெட்டிலும் உள்ள வைஃபையும் புளூடூத்தும் அதே பட்டையில்தான் ஓடுகின்றன. உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், அது இந்த அலையை விழுங்கும். டிரான்ஸ்மிட்டர் முதுகில் இருக்க, நடிகர் கேமராவைப் பார்த்து நின்று, அந்த அலையை வாங்கும் ரிசீவரும் கேமரா பக்கமே இருந்தால் குரல் விட்டுவிட்டு வரும். ரிசீவர் இருக்கும் பக்கமாகவே டிரான்ஸ்மிட்டரைக் கட்டுங்கள். ரிசீவரை ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி, நடிகர் நேராகத் தெரியும் இடத்தில் வையுங்கள்.

நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸில் இயங்கும் யுஎச்எஃப் செட்டானால் ஆன்டெனா ஒயரைச் சுருட்டக்கூடாது, வெறும் தோலில் படவும் கூடாது. 600 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், அந்த நீளம் நேராகத் தொங்கினால்தான் தூரம் போகும். பழைய செட் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குபவர்கள் முதலில் அலைவரிசையைப் பாருங்கள். 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை 2022 ஏலத்தில் 5ஜி சேவைக்குப் போய்விட்டது.

மூன்று நடிகர்களுக்கு 550, 551, 552 மெகாஹெர்ட்ஸ் என்று வரிசையாக வைப்பது பார்க்க அழகு, ஆனால் தவறு. இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் அருகருகே வந்தால் ஒன்றின் இரட்டிப்பிலிருந்து மற்றதைக் கழித்த அலைவரிசையில் ஒரு போலி அலை பிறக்கும். 551-ஐ இரட்டித்து 550-ஐக் கழித்தால் 552. மூன்றாவது நடிகரின் தலையில் அது போய் விழும். 550, 551, 552.6 என்பதுபோல இடைவெளி சமமில்லாமல் இருக்க வேண்டும். கணக்குப் போட நேரமில்லாதவர்கள், செட்டைத் தயாரித்த நிறுவனம் தந்திருக்கும் ஒரே 'பேங்க்'குக்குள், அதாவது ஒன்றோடொன்று மோதாத சேனல்களின் தொகுப்புக்குள், வெவ்வேறு சேனலைத் தேர்ந்தெடுத்தால் போதும். எல்லா டிரான்ஸ்மிட்டரையும் ஒரே நேரத்தில் ஆன் செய்து, நடிகர்கள் நிற்கும் இடத்திலேயே சோதியுங்கள். பேட்டரியை மதிய சாப்பாட்டு இடைவேளையில் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுங்கள், பாதி மிச்சமிருந்தாலும் சரி.

பதிவாகும் ஒலியின் அளவை வைக்கும்போது நடிகரை "ஹலோ, ஒன் டூ த்ரீ" சொல்ல வைத்துப் பயனில்லை. அந்தக் காட்சியிலேயே அதிகம் கத்தும் வரியைப் பேசச் சொல்லி, உச்சம் மைனஸ் 12 டெசிபெலில் நிற்கும்படி வையுங்கள். எவ்வளவு கத்தினாலும் குரல் உடையாமல் பதியும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் இருப்பதால் கவலையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். டிரான்ஸ்மிட்டரின் வாசலிலேயே குரல் உடைந்துவிட்டால், உடைந்ததைத்தான் ரெக்கார்டர் பத்திரமாகப் பதிந்து தரும்.

இத்தனையும் செய்தாலும் காலர் மைக் இரண்டாவது ஆள்தான். இடத்தின் இயல்பான ஒலியோடு குரலைத் தருவது, நடிகருக்கு மேலே கம்பில் நீட்டிப் பிடிக்கும் பூம் மைக். பூமும் காலரும் தனித்தனி டிராக்கில் பதிவாகட்டும். இரண்டையும் ஒன்றாகத் திறந்துவைத்துக் கலக்காதீர்கள்: ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் பூமுக்கு ஒலி சுமார் 3 மில்லிசெகண்ட் தாமதமாகப் போய்ச்சேரும், கலந்தால் குரல் குழாய்க்குள் பேசுவதுபோல் ஆகிவிடும். ஃபேன், ஏசி, ஜெனரேட்டர் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். யாரும் வாய்திறக்காத சங்கதி பிராம்ப்டிங். கேமராவுக்குப் பின்னாலிருந்து உதவி இயக்குநர் வசனத்தைச் சொல்லிக்கொடுக்க, நடிகர் பின்தொடரும் பழக்கம் டப்பிங் காலத்தில் யாரையும் பாதிக்கவில்லை. படப்பிடிப்பிலேயே குரலைப் பதியும் லைவ் சவுண்டில் அந்தக் குரல் நடிகரின் கடைசிச் சொல்லின்மேல் ஏறி உட்காரும், எந்த மைக்காலும் பிரிக்க முடியாது. வசனத்தை மனப்பாடம் செய்யாத நடிகருக்கு டப்பிங்தான் நேர்மையான வழி. டப்பிங் செய்த படத்துக்கே லைவ் சவுண்ட் பிரிவில் தேசிய விருது அறிவித்து, அந்தப் படத்தின் ஒலி வடிவமைப்பாளரே மறுத்துச் சொன்ன கூத்து 2022-இல் நடந்ததே, லைவ் சவுண்ட் என்றால் என்ன என்பதில் நமக்கிருக்கும் தெளிவு அவ்வளவுதான்.

மைக் மாட்டுவது ஒருவர் உடம்பைத் தொடும் வேலை. எங்கே ஒட்டப்போகிறோம் என்று முதலில் சொல்லி, அனுமதி கேட்டு, பிறகே கை வைக்க வேண்டும். நடிகைகளுக்குப் பெண் உதவியாளர் இருக்கட்டும், அல்லது எப்படி ஒட்டுவது என்று காட்டிவிட்டு அவர்களே ஒட்டிக்கொள்ளட்டும். ஷாட் முடிந்ததும் மைக்கை மியூட் செய்யுங்கள். ஹெட்ஃபோனில் இயக்குநர், கன்டினியூட்டி பார்ப்பவர் என்று நாலு பேர் கேட்டுக்கொண்டிருப்பது நடிகருக்கு நினைவிருக்காது.

துணியால் ஒரு டேக் கெட்டுவிட்டதென்றால் இன்னொரு வழி இருக்கிறது. லைட்டை மாற்றுவதற்கு முன், அதே இடத்தில் அதே மனநிலையில், கேமரா இல்லாமல் அந்த வரிகளை மட்டும் பூமில் இரண்டு முறை பேச வாங்குங்கள். பிறகு யாரும் அசையாமல் 30 வினாடி அந்த இடத்தின் வெறும் ஒலியைப் பதிவு செய்யுங்கள். மொத்தம் மூன்று நிமிடம். இதைக் கேட்கும்போது, நேரமாகிறது என்று தயாரிப்பு நிர்வாகி கைக்கடிகாரத்தைக் காட்டுவார். காட்டட்டும்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவாளர் ஒருவர்,
வடபழனி, சென்னை-26