பரிமாற்ற ஆசிரியராக அமெரிக்கா செல்லும் டீச்சருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். பரிமாற்றத் திட்டத்தில் வருவோருக்கு அமெரிக்கா தரும் ஜே-1 விசா கிடைத்துவிட்டது என்றும், வரும் கல்வியாண்டில் அமெரிக்கப் பள்ளியொன்றில் கணக்குப் பாடம் எடுக்கப்போகிறீர்கள் என்றும் அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். கொண்டுசெல்ல வேண்டியவை என்று நீங்கள் எழுதி அனுப்பிய பட்டியலையும் படித்தேன். ஆடைகள், அலங்காரப் பொருள்கள், சுவரில் மாட்டும் படங்கள், ஒரு மணி நேரக் காணொலி என்று ஒரு கண்காட்சிக்கு வேண்டிய அனைத்தும் அதில் இருந்தன. உங்கள் பாடத்துக்கு வேண்டியது எதுவும் இல்லாததால்தான் இந்தக் கடிதம்.

கண்காட்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1961-ஆம் ஆண்டின் கல்வி, பண்பாட்டுப் பரிமாற்றச் சட்டத்தின் கீழ் நடக்கும் இத்திட்டத்தில் நீங்கள் மூன்றாண்டுகள் வரையிலும், நீட்டிப்புக் கிடைத்தால் அதற்கு மேல் ஓரிரு ஆண்டுகளும் பணியாற்றலாம். ஒவ்வோர் ஆண்டும் நம் நாட்டைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியை உங்கள் வகுப்பிலோ பள்ளியிலோ அவ்வூர் மக்களிடையிலோ நடத்த வேண்டும். அங்குள்ள மாணவர்கள் வேறொரு நாட்டு மாணவர்களுடன், முடிந்தால் உங்கள் பழைய பள்ளியுடனேயே, உரையாட வழிசெய்ய வேண்டும். இரண்டையும் பற்றி ஆண்டறிக்கை தர வேண்டும். இதற்கு ஒரு நாள் விழா போதும். ஆனால் விழாவில் பார்த்த வண்ணங்களைத் தவிர வேறெதுவும் பிள்ளைகள் மனத்தில் தங்குவதில்லை என்பது என் அனுபவம். ஆண்டு முழுவதும் உங்கள் கையில் இருப்பது கணக்கு வகுப்புதான்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 12345678 என்ற எண்ணைக் கரும்பலகையில் எழுதி, காற்புள்ளி இடச் சொல்லுங்கள். அவர்கள் 12,345,678 என்று மும்மூன்றாகப் பிரிப்பார்கள். அதன் கீழே நீங்கள் 1,23,45,678 என்று எழுதுங்கள். வகுப்பு உடனே உங்களைத் திருத்த முற்படும், திருத்த விடுங்கள். கடைசி மூன்று இலக்கங்களுக்குப் பின் இரண்டிரண்டாகப் பிரித்து ஒரு பெரிய நாடே வரவு செலவு பார்க்கிறது என்று சொன்னதும், ‘எண் மாறவில்லையே, பிறகு காற்புள்ளி எதற்கு?’ என்று யாராவது ஒரு பிள்ளை கேட்டே தீரும். இடமதிப்பைக் கற்பிக்க அதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. கணிதத்தில் எது விதி, எது வழக்கம் என்று பிரித்துப் பார்க்கப் பழகிய பிள்ளை, தன் நாட்டு வழக்கத்தையும் முதன்முறையாக ஒரு வழக்கமாகப் பார்க்கும். மாதத்தை முதலில் எழுதும் அவர்களுடைய தேதியும், அங்குலமும், ஃபாரன்ஹீட்டும் தாமாகவே பேச்சுக்கு வந்துவிடும்.

பூஜ்யம் எங்களுடையது என்று மார்தட்டுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, இத்தாலியின் பீசா நகரத்துக் கணித அறிஞர் ஃபிபொனாச்சி 1202-இல் எழுதிய நூலில் ஒன்பது இலக்கங்களையும் இந்தியர்களுடையவை என்று குறிப்பிட்டதையும், அவை அரபு உலகின் வழியாகவே ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்ததையும் சொல்லி, ரோமன் எண்களில் ஒரு பெருக்கலைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் அந்த இலக்கங்களின் அருமை அவர்களுக்கே விளங்கிவிடும்.

‘இந்தியர்கள் எல்லோரும் கணக்கில் புலிகளாமே?’ என்ற கேள்வி நிச்சயம் வரும். பெருமையாகத்தான் இருக்கும், ஆனாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பின்னத்தைக் கண்டாலே முகம் வாடும் பிள்ளைகள் நம் வகுப்பிலும் உண்டு என்று உள்ளதைச் சொல்லுங்கள். ‘எங்கள் நாட்டில்’ என்று தொடங்கும் விடைகளைக் குறைத்து, ‘நான் படித்த பள்ளியில்’, ‘எங்கள் வீட்டில்’ என்று சொல்லிப் பழகினால், கோடிக்கணக்கானோரின் சார்பில் பேச வேண்டிய சுமை உங்களுக்கு இருக்காது. பொய் சொல்ல வேண்டிய இக்கட்டும் வராது.

இரு பள்ளிகளையும் காணொலியில் இணைக்க நினைத்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 8 மணி என்றால், கோடையில் இங்கே மாலை 5.30; நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னோக்கித் திருப்பியதும் 6.30 ஆகிவிடும். பள்ளி விட்டபின் பிள்ளைகளை அவ்வளவு நேரம் உட்கார வைப்பதற்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். ஆகவே நேரடி அழைப்பை ஆண்டுக்கு ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொண்டு, மற்ற மாதங்களில் ஒரே கணக்கை இரு வகுப்புகளும் போட்டு, நோட்டுப் பக்கங்களைப் படமெடுத்து மாற்றிக்கொள்ளச் செய்யுங்கள். நீள்வகுத்தலை யார் எப்படிப் படிப்படியாக எழுதுகிறார்கள், எந்த வரியை மனத்திலேயே போட்டுவிட்டுத் தாண்டுகிறார்கள், எங்கே அடித்துத் திருத்துகிறார்கள் என்பதையெல்லாம் பிள்ளைகள் எவ்வளவு கூர்மையாகக் கவனிப்பார்கள் என்று பாருங்கள். கூச்சப்பட்டுக் கேமரா முன் வாய் திறக்காதவர்களும் இதில் கலந்துகொள்வார்கள்.

திட்டம் முடிந்தபின் குறைந்தது ஈராண்டுகள் அந்நாட்டுக்கு வெளியே வசித்த பிறகே மீண்டும் பரிமாற்ற ஆசிரியராகச் செல்ல முடியும். அங்கே கற்றதை நம் வகுப்பறைக்குக் கொண்டுவர ஏற்ற காலம் அதுதான் என்பதால், இப்போதே ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் இடம் இருந்தால், நம் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தையும், பிள்ளைகளிடம் கேட்டு வாங்கிய பழைய நோட்டுகள் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டுகளில் பெயர் எழுதிய அட்டையை மட்டும் கழற்றிவிடுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னே போய்வந்த ஒரு கணக்கு ஆசிரியர்