பாதி கப்பல், மீதி ஊர்

ஊர்ப் பெரியவர்களுக்கும், உடன் வேலை பார்த்த ஆசிரியர்களுக்கும், என்னிடம் ஓடி, குதித்து, திட்டு வாங்கிய பிள்ளைகளுக்கும் வணக்கம்.

பணி நிறைவு விழாவில் மைக் பிடித்த எல்லோரும் ஒன்றையே சொன்னீர்கள்: "சார் நேவிக்காரர், அதனாலதான் இந்த டிசிப்ளின்." அடுக்கடுக்காகப் போர்த்திய பொன்னாடையில் மூச்சு முட்டியதால் அங்கே மறுத்துப் பேச முடியவில்லை. இப்போது மறுக்கிறேன். கடற்படைக்குரிய பங்கு கடற்படைக்கு. மீதியில் யார் யாருக்கு எவ்வளவு என்று சொல்லத்தான் இந்த மடல்.

1983-இல் ஒரிசாவில் ஐ.என்.எஸ். சில்கா பயிற்சித் தளத்தில் சேர்ந்தபோது எனக்கு வயது 18. அடுத்து லோனாவாலாவில் எஞ்சின் படிப்பு. அப்புறம் விராட். இங்கிலாந்திடமிருந்து வாங்கி 1987 மே மாதம் நம் கடற்படையில் சேர்த்த விமானந்தாங்கிக் கப்பல். அதன் கொதிகலன் பக்கம் நின்று பழகியவனுக்கு மன்னார்குடிச் சித்திரை வெயில் ஒரு பொருட்டில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். விராட் 2017-இல் ஓய்வு பெற்றது. பிறகு குஜராத்தில் ஆலங் கப்பல் உடைக்கும் தளத்தில் பழைய இரும்பாக உடைத்துவிட்டார்கள். எனக்குப் பொன்னாடை கிடைத்தது. யாருக்கு அதிர்ஷ்டம் என்று பாருங்கள்.

அந்த வருஷங்களில் கப்பல்காரர்களுக்குத் தபால் சேர்க்கும் பம்பாய் ஃப்ளீட் மெயில் ஆபீஸ் முகவரிக்கு என் அம்மாவின் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. எழுதியவர் எங்கள் ஊர் தபால்காரர். என் பதிலைத் திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்டியவரும் அவர்தான். அம்மா அழுதால் மறுபடி முதலிலிருந்து படிப்பாராம். அவர் இப்போது இல்லை. அவர் பிள்ளைகள் இதைப் படித்தால், என் முதல் நன்றி உங்கள் அப்பாவுக்கு.

1998-இல் பென்ஷனோடு வெளியே வந்தேன். கூட வந்தவர்கள் பலரும் கம்பெனிகளில் செக்யூரிட்டி வேலைக்குப் போனார்கள். கப்பலில் இருந்தபடியே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழியில் பி.ஏ. முடித்திருந்தேன், வாத்தியார் ஆகும் ஆசை மட்டும் போகவில்லை. 1920-இல் தொடங்கிய, சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில், என்னைவிடப் பத்து வயது இளையவர்களோடு வரிசையில் நின்றேன். "பதினஞ்சு வருஷம் இருந்தாச்சு, இன்னும் ஒரு வருஷம்தானே" என்று சொல்லி அனுப்பியது என் மனைவி. நிலம், மாடு, இரண்டு பிள்ளைகள், என் அம்மா என்று எல்லாவற்றையும் தனியாளாகத் தாங்கியவள். வீட்டுக்குள் சொல்ல வராத நன்றியை ஊரறியச் சொல்லிவிடுகிறேன்.

ஊர்ப் பள்ளியில் முதலில் பெற்றோர் ஆசிரியர் கழகம் கொடுத்த சம்பளத்தில் சேர்ந்தேன். பின்னால் முன்னாள் படைவீரர் முன்னுரிமையில் அரசு நியமனம் வந்து, வெளியூரெல்லாம் சுற்றிவிட்டு, மாறுதலில் இங்கேயே வந்தேன்.

சரி, நம் பெண் பிள்ளைகளின் கபடிக்கு வருகிறேன். நான் கபடிக்காரன் இல்லை. எனக்குத் தெரிந்தது நீச்சலும் வாலிபாலும். வடுவூர் சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருக்கிறது. அங்கே கைக்குழந்தைக்குக்கூட ரெய்டு போகத் தெரியும் என்பார்கள். அப்படியொரு ஊர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு, வாலிபால் போதும் என்று பெண் பிள்ளைகளிடம் சொல்ல முடியுமா? வடுவூரிலிருந்து சனி, ஞாயிறுகளில் தங்கள் பெட்ரோலில் வந்து கணுக்காலைப் பிடிக்கும் ஆங்கிள் ஹோல்ட், தொடையைப் பிடிக்கும் தை ஹோல்ட், கைகோத்து மடக்கும் செயின் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்த மூத்த ஆட்டக்காரர்களுக்கு நன்றி. பிள்ளைகளோடு சேர்ந்து நானும் உங்களிடம்தான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் பள்ளி மைதானம் பள்ளம். ஐப்பசியில் தேங்கும் தண்ணீர் தை வரை வடியாது. ஆடுவதற்கு இடம் கேட்டு அலைந்தபோது, பள்ளிக்குப் பின்னால் நிலம் வைத்திருக்கும் ஒரு விவசாயி தன் வயலில் ஒரு மா (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) எடுத்துக்கொள்ளச் சொன்னார். வெளியூரில் இருக்கும் பழைய மாணவர்களுக்கு இதன் கனம் மறந்திருக்கலாம். இங்கே சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பே, வயலில் ஈரம் இருக்கும்போதே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். உழவு கிடையாது, தனியாகத் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், பனியிலேயே விளைந்துவிடும். நெல்லில் கடன் அடைந்தால், கையில் நிற்கும் காசு உளுந்தில்தான். அந்த ஒரு மாவில் மட்டும் அவர் உளுந்து தெளிக்கவில்லை. அவர் வீட்டிலிருந்து யாரும் ஆட வரவில்லை, அவருக்குப் பெண் பிள்ளையே கிடையாது. ஏன் என்று கேட்டால், "ஒரு மா உளுந்துல நான் என்ன மாடியா கட்டப்போறேன்" என்றார். அடுத்தடுத்த வருஷங்களிலும் அதே பதில்தான்.

டெல்டாக் களிமண் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும்; வெடிப்பில் கால் மாட்டினால் கணுக்கால் போச்சு. மேலே பரப்ப மரத்தூள் கொடுத்த மரவாடிக்காரருக்கும், மணல் கொண்டுவந்து கொட்டிய மாட்டுவண்டிக்காரர்களுக்கும் நன்றி. பெண்களுக்கான ஆடுகளம் 12 மீட்டருக்கு 8 மீட்டர். அந்த அளவுக்கு வெட்டி, சலித்து, மிதித்துச் சமன் செய்தது பிள்ளைகள்தான்.

கப்பலில் உத்தரவு இறங்கினால் வேலை நடந்துவிடும். ஊரில் உத்தரவு போட்டால், "யாருக்கு சார்?" என்று கேட்பார்கள். இருட்டிய பிறகு பெண் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று தாய்மார்கள் சொன்னபோது என் சர்வீஸ் எதுவும் உதவவில்லை. உதவியது நடவு வேலைக்குப் போகும் ஓர் அம்மா. பகல் முழுக்க சேற்றில் குனிந்து நின்றுவிட்டு, சாயங்காலம் வரப்பில் வந்து உட்காருவார். ஆட்டம் முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளையும் தெருத் தெருவாகக் கொண்டுபோய் வீட்டில் விடுவார். "எம் பொண்ணு ஆடுறா, ஒங்க பொண்ணுக்கு மட்டும் என்ன?" என்று அவர் கேட்ட கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. குறுவட்டம் தாண்டி, மாவட்டம் தாண்டி, மாநிலப் போட்டி வரைக்கும் நம் பிள்ளைகள் போனார்களே, அந்தக் கோப்பையில் என் பெயரைப் போடுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு வந்த பிறகு அப்பாக்கள் தாங்களாகவே தேடி வந்தார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் எதுவும் இல்லாத காலத்தில் வந்தவர் அந்த அம்மா.

பத்தாம் வகுப்பு பி.டி. பீரியடை ஒரு நாளும் கடன் கேட்காத கணக்கு டீச்சருக்குத் தனி வணக்கம். தமிழ்நாட்டில் இப்படி இன்னொருவர் இருக்கிறாரா, தெரியவில்லை. காசு வரும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று டிராக் பேண்ட் தைத்துக் கொடுத்த டெய்லருக்கும், சுண்டலுக்குக் கணக்கே எழுதாத டீக்கடை அண்ணனுக்கும், ஒரு பிள்ளையின் முழங்காலைத் திரும்ப ஓடும்படி ஆக்கிக் கொடுத்த தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை டாக்டருக்கும் நன்றி. 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் அடித்து ஓய்ந்த பிறகு, வெளி மாவட்டங்களிலிருந்து வந்து நம் வகுப்பறைகளில் படுத்திருந்த மின்வாரியத் தொழிலாளர்களை மறக்க முடியாது. கம்பம் நட்டுக் களைத்த கையோடு, மைதானத்தில் சாய்ந்துகிடந்த தூங்குமூஞ்சி மரத்தையும் அறுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. விழாவில் நீங்கள் கொடுத்த பணமுடிப்பில் முழங்கால் உறைகளும் இரண்டு முதலுதவிப் பெட்டிகளும் வாங்கியாயிற்று. ரசீது பள்ளி அலுவலகத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். புது பி.டி. ஆசிரியர் வரும்வரை, காவல்துறையில் இருக்கும் நம் பழைய மாணவி விடுமுறை நாட்களில் காலைப் பயிற்சி கொடுக்க ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆறு மணிக்குப் பிள்ளைகளை அனுப்பி வையுங்கள். அவர் என்னைவிடக் கண்டிப்பு.

அன்புடன்,
உங்கள் பி.டி. வாத்தியார்