வீட்டைத் தெற்கே தள்ளியது ஏன்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கோவையில் நம்மிடம் பிளான் போட்டு வீடு கட்டிய பலர் கொஞ்ச நாளாக ஒரே விஷயத்தைக் கேட்டு போன் செய்கிறீர்கள். நாங்கள் பிளான் போட்ட ஒரு வீட்டின் காய்கறிப் பாத்தி நிழலில் கிடக்கும் படமும், ஒரு குரல் பதிவும் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகின்றன, உங்களுக்கும் வந்திருக்கும். "வெயில் எந்தப் பக்கம் அடிக்கும்னே தெரியாதவங்க போட்ட பிளான். தோட்டம்னு சொல்லி 15 அடியை வீணாக்கிட்டாங்க" என்கிறது அந்தப் பதிவு. கட்டணம் அதிகம் என்றோ தாமதம் என்றோ சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்போம். வெயில் தெரியாது என்று சொன்னதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்த வீடு இருப்பது 40-க்கு 60 அடி, கிழக்குப் பார்த்த அஞ்சரை சென்ட் மனை. வீட்டின் அகலம் 20 அடி. நடுவில் வைத்தால் இருபுறமும் பத்துப் பத்தடி வரும். ஒரு பக்கம் வண்டியும் மோட்டாரும், மறுபக்கம் துணிக்கொடியும் போனபின் செடிக்கு என்ன மிஞ்சும்? அதனால்தான் வீட்டைத் தெற்கே தள்ளி, அங்கே 5 அடி மட்டும் விட்டு, வடக்கில் 15 அடியை ஒரே துண்டாகச் சேர்த்தோம். கன்னி மூலையில் (தென்மேற்கு) பாரமும் சனி மூலையில் (வடகிழக்கு) திறப்பும் கேட்கும் வாஸ்துக்கும் இது ஒத்துப்போனது. ஆனால் நாங்கள் கணக்குப் பார்த்தது வெயிலை வைத்து.

கோவை இருப்பது 11 பாகை வட அட்சத்தில். சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சி வெயில் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே. அதிகமாகச் சாய்வது மார்கழியில். அப்போது 13 அடி உயரமுள்ள ஒற்றைத் தளத்தின் நிழல் நண்பகலில் வடக்கே சுமார் 9 அடி விழும். 15-ல் 9 போக மிச்சம் 6. அந்த 6 அடியில், வடக்குக் காம்பவுண்டை ஒட்டித்தான் காய்கறிப் பாத்தியை வரைந்து கொடுத்தோம். நிழல் விழும் பக்கத்துக்கு வெற்றிலை, மஞ்சள், கற்பூரவல்லி என்று வரைபடத்திலேயே எழுதியும் இருந்தோம்.

அந்த வீட்டில் பிறகு மாடி எழுந்தது. குடும்பம் பெருகினால் யார் வீட்டிலும் நடப்பதுதான், அதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் உயரம் 24 அடியானதும் மார்கழி நிழல் 16 அடியைத் தொட்டுவிடுகிறது. பாத்தி முழுவதும் நிழலுக்குள் போய்விட்டது. குழுவில் வந்த படம் மார்கழியில் எடுத்தது. அதே பாத்தியை வைகாசி மத்தியானத்தில் போய்ப் பாருங்கள், கத்தரிக்குத் தேவையான வெயில் அங்கே இருக்கும். மாடி எண்ணம் உண்டா என்று எல்லோரிடமும் முதலிலேயே கேட்கிறோம். உண்டு என்றவர்களுக்குப் பாத்தியைக் கிழக்கே, வாசல் பக்கமே வரைந்திருக்கிறோம்.

முருங்கையை மேற்கே வைக்க விடவில்லை என்றும் சிலருக்கு மனத்தாங்கல். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்றில் முதலில் முறிவது முருங்கைக் கிளைதான். வீட்டின் மறைவில் கிழக்கே வைத்தால் பிழைக்கும். மேற்கே காற்றுத் தாங்கும் கொய்யா நிற்கட்டும், பிற்பகல் வெயிலையும் கொஞ்சம் மறைக்கும்.

2024 ஜூலையில் சுய சான்றிதழ் முறை வந்தபின், 2500 சதுர அடிக்குள் உள்ள மனைகளில் 3500 சதுர அடி வரை கட்ட அனுமதி உடனே கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால் பிளானையும் நாளைக்கே கேட்கிறார்கள். மனையில் ஒரு காலையும் ஒரு மாலையும் நின்று பார்க்காமல் வீட்டின் இடத்தை முடிவு செய்ய எங்களுக்கு மனம் வராது. இத்தனை வருடம் மனையில் வீட்டின் அளவுக்கு மார்க்கிங் போட்டுக் கொடுத்த தம்பியும் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். இனி நானே வருகிறேன், ஞாயிறுகளில் மட்டும்.

அந்தக் குழுவில் எங்களுக்காகப் பேசியவர்களுக்கும், முதல் காய்ப்பு எலுமிச்சையைப் பையில் போட்டு அலுவலகத்துக்கே கொண்டுவந்து கொடுத்த அம்மாவுக்கும், தங்கள் வீட்டைக் காட்டியே புது வாடிக்கையாளர்களை அனுப்பி வைக்கும் உங்கள் அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. உங்களால்தான் இந்த அலுவலகம் நடக்கிறது. அடுத்த மாதம் முதல் பிளான் கட்டணம் சதுர அடிக்கு ஒரு ரூபாய் கூடுகிறது, மூன்றாவது திருத்தத்திலிருந்து தனிக் கட்டணம்.

படம் வந்த வீட்டு நண்பருக்கு: பாத்தியை மொட்டை மாடிக்கோ கிழக்குப் பக்கமோ மாற்ற வரைபடம் போட்டுத் தருகிறோம், அதற்குப் பணம் வேண்டாம்.

புதிதாக வேலை தொடங்குபவர்கள் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும் முன் மேல்மண்ணை அரையடி வழித்து ஒரு ஓரமாகக் குவித்து வையுங்கள். தோட்டத்துக்கு விட்ட இடத்தில் கலவை போட விடாதீர்கள், சிமென்ட் இறங்கிய மண்ணில் செடி பிடிக்காது. மேஸ்திரியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உரிமையாளர்,
வீட்டு வரைபட, தோட்ட அமைப்பு அலுவலகம், கோவை